ஸ்ரேறிங் சத்தம் சொல்லும் சேதி



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கான படிவங்களை எப்படி நிரப்புவது என்று பார்த்தோம். இம்மாதம் சற்று வேறான ஒரு விடயம். வாகனத்தின் ஸ்ரேறிங்கில் இருந்து வரும் சத்தத்தைப் பற்றியது.

"இது ஆண்களின் வேலையல்லவா, பெண்கள் சஞ்சிகைக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் ஊர்களின் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் இன்று ஓட்டோ ஓடுகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்குகிறார்கள். பட்டா ரக வாகனத்தில் மரக்கறியும் மீனும் கொண்டுபோய் விற்கிறார்கள். தாமே ஓடாவிட்டாலும், கணவர் விட்டுச் சென்ற வாகனத்தை ஒரு சாரதியிடம் கொடுத்து அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். வாகனம் கராஜில் நின்றால் அன்றைக்கு உலை வைப்பதும் கஷ்டம். ஆகவே இது எங்கள் விடயந்தான்.

ஸ்ரேறிங்கில் சத்தம் கேட்டதும் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு ஓடுவது. மற்றது, திறப்பைக் கராஜ்காரரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் சொல்லும் தொகைக்கு நகையை அடகு வைப்பது. முதலாவது உயிருக்கு ஆபத்து, இரண்டாவது கைமுதலுக்கு ஆபத்து. மூன்றாவது வழி ஒன்று உண்டு: கழற்றுவதற்கு முன்னர் காது கொடுத்துக் கேட்பது. இந்த வழி எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல.

தடை காலத்துப் பாடம்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றைக்கும் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 சோமசெற், கேம்பிரிட்ஜ் கார்கள் ஓடுவதைக் காண்கிறோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். மொரிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார். சோமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய கார்கள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கின்றன?

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், மின்கலம், உதிரிப்பாகம் என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பெற்றோலைத் துளித்துளியாகக் காபிறேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தப் புகையின் மணம் எங்களில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். பிரசவ வலி வந்த பெண்களையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவற்றில் இந்தக் கார்களும் உண்டு.

அதே தொண்ணூறுகளில், இதே தீவின் தென்பகுதியில் மொரிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகின. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குக்கோ ஒரு புது நட்டு வாங்குவதே பெரும்பாடு. தேய்ந்ததைக் கடைச்சல் பட்டறையில் கொடுத்துக் கடைந்தெடுத்தார்கள். ஓடாத ஒரு காரைப் பிரித்து ஓடும் காருக்குப் பூட்டினார்கள்.

அந்த மெக்கானிக்குகளின் கைத்திறமையை எல்லோரும் புகழ்வார்கள். காதுத் திறமையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நீளமான ஒரு ஸ்குறூ டிறைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த மூட்டில் சத்தம் பிறக்கிறது என்று கேட்பார்கள். மாற்றிப் போடச் சாமான் இல்லாதபோது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. முதலில் பிழையைக் கண்டுபிடித்தாக வேண்டும், பிறகுதான் கழற்றலாம். தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது புதிய வாகனங்களும் சாமான்களும் வந்தன. 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பிறகு மீண்டும் எல்லாம் வந்து குவிந்தன. பின்னர் 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வந்தாலும் அவற்றின் விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே எங்களில் அநேகரிடம் இருப்பது பத்து, இருபது வருடம் ஓடிய வாகனம். அதைக் காப்பாற்றி ஓடுவதற்குப் பழைய மெக்கானிக்குகளின் அந்த ஒழுங்கு இன்றைக்கும் தேவை.

உள்ளே என்ன இருக்கிறது?

சைக்கிளில் ஹான்டிலும் முன்சில்லும் ஒரே தண்டில் இருக்கின்றன. ஹான்டிலைத் திருப்பினால் சில்லு திரும்பும். காரில் அப்படியல்ல. எங்கள் தோளிலிருந்து விரல் வரைக்கும் எத்தனை மூட்டுக்கள் இருக்கின்றனவோ, அதுபோல ஸ்ரேறிங் வளையத்திலிருந்து முன்சில்லு வரைக்கும் பல மூட்டுக்கள் உண்டு.

வளையத்தின் கீழே ஒரு நீளத் தண்டு. அது வளைந்து போவதற்கு நடுவில் ஒரு மூட்டு. தண்டின் அடியில் ஒரு சிறு பற்சில்லு. அது பல் வெட்டிய ஒரு நீளச் சட்டத்தை இடமும் வலமும் தள்ளும். இதைத்தான் கராஜில் 'றக்' என்பார்கள். மொரிஸ் மைனரிலும் இதே முறைதான். சோமசெற்றில் றக்குக்குப் பதிலாக ஒயில் நிரம்பிய ஒரு ஸ்ரேறிங் பெட்டி இருக்கும். றக்கின் இரு முனைகளிலும் 'றக் என்ட்', அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் 'ரை றொட் என்ட்', அதன் பிறகு சில்லு. சில்லைத் தாங்குவதற்கு 'போல் ஜொயின்ற்'.

றொட் என்ட், போல் ஜொயின்ற் இரண்டும் எங்கள் இடுப்பு மூட்டைப் போன்றவை. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு, இடையில் கிறீஸ், வெளியே ஒரு றப்பர் உறை. அந்த உறை கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணலும் தண்ணீரும் உள்ளே போகும். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் உள்ள எங்கள் குடாநாட்டில் இது விரைவாகவே நடக்கிறது. மணல் அரைத்து அரைத்துக் குண்டு தேயும், இடைவெளி உண்டாகும். அந்த இடைவெளிதான் 'டொக் டொக்' என்று கதைக்கிறது.

ஓட்டோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது இன்னும் எளிது. ஓட்டோவின் ஹான்டில் தண்டு மேலும் கீழும் சிறு குண்டுகளின் மேல் சுழல்கிறது. அவை தேய்ந்தால் அல்லது நட்டு இளகினால் பிறேக் பிடிக்கும்போது 'கடக்' என்று கேட்கும், ஹான்டில் ஆடும். ஹான்டில் நேராக வரும் இடத்தில் சிக்குவதுபோல இருந்தால், குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஒரு சகோதரியின் வான்

வடமராட்சியில் நான் சந்தித்த ஒரு சகோதரியின் அனுபவத்தை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். தமையன் உதவியுடன் வாங்கிய ஒரு பழைய யப்பான் வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறார். ஸ்ரேறிங்கில் சத்தம் வரத் தொடங்கியதும் கராஜ் ஒன்றில் காட்டினார். வாகனத்தை ஜக் வைத்துத் தூக்கியும் பார்க்காமல், "றக் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகைக்கு அவரிடம் இருந்தது ஒரு சங்கிலிதான். அதை அடகு வைக்கும் நாளில் வேறொரு கடிதத்துக்காக என்னிடம் வந்திருந்தார்.

அடகு வைப்பதற்கு முன்னர் இன்னொருவரிடம் காட்டிப் பார்ப்போம் என்று இருவரும் வலிகாமத்தில் ஒரு முதியவரிடம் போனோம். தடை காலம் முழுவதும் சோமசெற் கார்களோடு வாழ்ந்தவர். அவர் வானைத் தொடவே இல்லை. ஒரு வாங்கில் இருந்துகொண்டு சகோதரியைக் கேட்டார்.

"பிள்ளை, சத்தம் எப்ப வருது?"

"எப்பவும் வருது ஐயா."

"எப்பவும் வாற சத்தம் எண்டு ஒண்டு இல்லை. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நிக்கேக்கை வருதோ, ஓடேக்கை வருதோ? திருப்பேக்கையோ, பள்ளத்திலை விழேக்கையோ?"

சகோதரி சற்று யோசித்தார். "பள்ளத்திலை விழேக்கைதான் ஐயா. ஒழுங்கையுக்கை மெதுவாப் போகேக்கை கூடக் கேக்குது. தார் றோட்டிலை பெரிசா இல்லை."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். என்ரை காலடியிலை இல்லை, அங்கால."

"ஸ்ரேறிங் கையிலை ஆடுதோ?"

"கொஞ்சம் ஆடுற மாதிரி."

"பாத்தியளே, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டியள்" என்று சொல்லித்தான் எழும்பினார்.

பிறகு நடந்தது கால் மணித்தியால வேலை. சகோதரியை ஆசனத்தில் இருத்தி, ஸ்ரேறிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்கச் சொன்னார். தாம் குனிந்து இடப்பக்க றொட் என்டின் மேல் கையை வைத்தார். கம்பி அசைந்தது. ஆனால் சில்லு உடனே அசையவில்லை. இடையில் ஒரு சிறு தட்டு. "கையை வைச்சுப் பாருங்கோ" என்று சகோதரியை அழைத்து அதைத் தொடவைத்தார். றப்பர் உறை கிழிந்து, உள்ளே கிறீஸுக்குப் பதிலாகச் சேறு இருந்தது. பிறகு வானை ஜக் வைத்துத் தூக்கி, தாங்கி வைத்து, றக்கையும் மற்றப் பக்கத்தையும் பார்த்தார். அவற்றில் பழுதில்லை. மாற்ற வேண்டியிருந்தது ஒரேயொரு றொட் என்ட். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

முதலில் பார்த்த கராஜ்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. றக்கே தேய்ந்து, அதை மாற்றியே ஆகவேண்டிய வாகனங்களும் உண்டு. ஆனால் பார்த்துச் சொல்வது வேறு, ஊகித்துச் சொல்வது வேறு. ஊகத்துக்கும் காசு கொடுப்பது நாங்கள்தான். அதனால் "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

சத்தங்களைப் பிரித்தறிதல்

பின்வருவனவற்றை வெட்டி எடுத்து வாகனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்.

'டொக் டொக்': பள்ளம், தண்டவாளம், வேகத்தடை ஆகியவற்றில் ஏறி இறங்கும்போது கேட்கும். றொட் என்ட், றக் என்ட், போல் ஜொயின்ற் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம். ஸ்ரேறிங்குடன் சம்பந்தமில்லாத சஸ்பென்ஷன் புஷ் அல்லது லிங்க் கம்பியாகவும் இருக்கலாம். எல்லாச் சத்தங்களிலும் கூடிய கவனம் தேவைப்படுவது இதற்கே. போல் ஜொயின்ற்றோ றொட் என்டோ கழன்றால் சில்லு எங்கள் சொல் கேளாது.

'ஊ...' என்ற முனகல்: ஸ்ரேறிங்கைத் திருப்பும்போது மட்டும் கூடும். ஒயிலால் இயங்கும் பவர் ஸ்ரேறிங்கில் ஒயில் குறைந்தால் பம்பு காற்றை இழுத்து இப்படி முனகும். எஞ்சின் பகுதியில் உள்ள சிறு குடுவையில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. வாகனக் கைநூல் சொல்லும் ஒயிலை மட்டும் விடுங்கள். பிறேக் ஒயிலை ஒருபோதும் விடக்கூடாது, அது உள்ளேயுள்ள றப்பர் சீல்களைப் பழுதாக்கும். ஒயில் தானாகக் குறைவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே போகாமல் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

'கீச்' என்ற கூச்சல்: காலையில் எஞ்சினைத் தொடக்கும்போது, அல்லது ஸ்ரேறிங்கை முழுவதும் திருப்பும்போது கேட்கும். பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது பழசாகி மினுங்கிப்போயிருக்கும். செலவு குறைந்த வேலை, தள்ளிப்போட வேண்டாம்.

'டிக் டிக் டிக்': ஸ்ரேறிங்கை முழுவதும் திருப்பி, வாகனம் உருளும்போது சில்லோடு சேர்ந்து ஒரே சீராக வரும். முன்சில்லு இழுக்கும் கார்களில் சீவி ஜொயின்ற் தேய்ந்ததற்கு இது அடையாளம். அதன் உறை கிழிந்து, சில்லின் உட்பக்கம் முழுவதும் கிறீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்த புதிதில் கண்டுவிட்டால் உறையையும் கிறீஸையும் மாற்றுவதோடு தப்பலாம்.

'கிறீச்' என்று முறுகுதல்: நின்ற இடத்தில் திருப்பும்போது கேட்கும். கிறீஸ் வற்றிய போல் ஜொயின்ற் அல்லது முன் ஷொக் அப்சோபரின் மேல்முனையில் உள்ள பெயாறிங் காரணமாகலாம்.

வளையத்துக்குக் கீழே கையருகில் 'சரசர': அநேகமாக பிளாஸ்ரிக் மூடிகள் உரசும் சத்தம். ஆனால் காற்றுப்பை உள்ள வாகனங்களில் அந்த இடத்தை நாமோ, பழக்கமில்லாதவரோ திறக்கக்கூடாது. பை திடீரென வெடித்து விரியக்கூடும்.

இப்போது வரும் பல சிறிய கார்களில் பவர் ஸ்ரேறிங் மின்சாரத்தால் இயங்குகிறது. அவற்றில் விடுவதற்கு ஒயிலே இல்லை. "பவர் ஸ்ரேறிங் ஒயில் மாற்றினோம்" என்று அத்தகைய காருக்குப் பற்றுச்சீட்டு வந்தால் கேள்வி கேளுங்கள். முன்தட்டில் ஸ்ரேறிங் அடையாளமுள்ள விளக்கு எரிந்தால் கணினி இணைத்துப் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு பேர், கால் மணித்தியாலம்

வீட்டு முற்றத்திலேயே சில சோதனைகளைச் செய்யலாம். ஒருவர் ஆசனத்தில், மற்றவர் வெளியே. வளர்ந்த மகளோ அயல்வீட்டுச் சகோதரியோ போதும்.

1. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கல் வைக்கவும். திறப்பைப் போட்டு ஸ்ரேறிங் பூட்டை விடுவித்து, எஞ்சினை நிறுத்திய நிலையில் வளையத்தை இடமும் வலமும் சிறிதாக அசைக்கவும். வெளியே நிற்பவர் முன்சில்லைப் பார்த்து, எந்தப் பக்கம் தட்டுகிறது என்று கேட்கவும். சில்லு அசையாமல் வளையம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் அது கூடுதல். கராஜில் காட்ட வேண்டும்.

2. எஞ்சினைத் தொடக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பவும். முனகலா, கீச்சா என்று கவனிக்கவும். முழுவதும் திருப்பியபடி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம், பம்பு சூடேறும்.

3. முன்சில்லுகளை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு எஞ்சினை நிறுத்தவும். சில்லுக்குப் பின்னால் தெரியும் றப்பர் உறைகளை ரோர்ச் வெளிச்சத்தில் பார்க்கவும். வெடிப்பு, கிழிசல், கிறீஸ் தெறிப்பு இருக்கிறதா? மறுபக்கமும் அப்படியே.

4. முன்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கிப் பார்க்கும் சோதனையை, ஜக் வைத்துப் பழகியவர்களும், உறுதியான தாங்கி வைத்திருப்பவர்களும் மட்டும் செய்யவும். சில்லின் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் றொட் என்ட் அல்லது றக் என்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருவது போல் ஜொயின்ற் அல்லது சில்லுப் பெயாறிங். அப்போது ஆசனத்தில் இருப்பவர் பிறேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பெயாறிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் தலையையோ கையையோ வைக்க வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

ரயரின் காற்றையும் சில்லு நட்டுக்களின் இறுக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள். இளகிய சில்லு நட்டும் ஸ்ரேறிங் பழுதைப்போலச் சத்தம் எழுப்பி ஆட்டம் காட்டும்.

எது எங்கள் வேலை, எது கராஜின் வேலை?

ஒயில் மட்டம் பார்ப்பது, உறைகளைப் பார்ப்பது, சேற்றைக் கழுவுவது, நிப்பிள் உள்ள பழைய வாகனங்களுக்குக் காலத்துக்குக் காலம் கிறீஸ் அடிப்பது ஆகியவற்றை நாங்களே செய்யலாம். மொரிஸ் மைனரில் முன்சில்லைத் தாங்கும் ஆணியின் கீழ்முனை ஒரு மரையில் சுழல்கிறது. கிறீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால், ஒரு நாள் சில்லு கழன்று உள்ளே மடங்கிவிடும். ஒரு தடவை கிறீஸ் அடிக்கும் செலவு எங்கே, அந்த விபத்து எங்கே!

றொட் என்ட், போல் ஜொயின்ற், றக் மாற்றுவது கராஜின் வேலை. அங்கே நாங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நட்டுக்கு ஸ்பிளிற் பின் போடும் வகையாயின் புதிய பின் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடக்கூடாது. றொட் என்ட் மாற்றிய பிறகு சில்லு எலைன்மென்ற் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது ரயரும் சில மாதங்களில் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். தேய்ந்த றொட் என்டை அடித்து இறுக்குவது, ஒட்டு வைப்பது போன்ற வேலைகளுக்குச் சம்மதிக்கவே வேண்டாம். தடை காலத்தில் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்து மெதுவாக ஓடினார்கள். இன்று புதுச் சாமான் கடையில் இருக்கிறது, தெருவில் வேகமும் கூடியிருக்கிறது.

கராஜுக்குப் போகுமுன் ஒரு துண்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எப்படியான சத்தம், எப்போது வருகிறது, எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது. அதை வாசித்துக் காட்டுங்கள். "எந்தப் பாகம் என்று எனக்குக் காட்டுங்கோ அண்ணை" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் பாகத்தின் பெயரை எழுதுவியுங்கள். பெரிய தொகை சொன்னால் இன்னோரிடத்திலும் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார்.

ஓடக்கூடாத நேரம்

ஸ்ரேறிங் திடீரென்று இறுகினால் அல்லது இளகினால், வாகனம் தானாக ஒரு பக்கம் இழுத்தால், சத்தத்தோடு சேர்ந்து வளையத்தில் ஆட்டமும் இருந்தால், அன்றைய வருமானத்தை எண்ணாமல் வாகனத்தை ஓரத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகள் வாகனத்துக்குள் இருந்தால் இன்னொருவரை அழைத்து அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். வருடாந்தம் புகைப் பரிசோதனை செய்கிறோமே என்று நம்பியிருக்க வேண்டாம். அந்தப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கிறது, ஸ்ரேறிங்கைப் பார்ப்பதில்லை.

சமூகவியலில் நாங்கள் படித்த ஒன்றை இங்கே சொல்லலாம். ஒரு வேலை ஆணுக்கு, ஒரு வேலை பெண்ணுக்கு என்று பிரிக்கும்போது, வேலையோடு சேர்த்து அறிவையும் பிரித்துவிடுகிறோம். போர் எங்கள் பெண்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டது. அந்த அறிவை யாரும் கூட அனுப்பவில்லை. வாகனம் எங்கள் பெயரில் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசும் சொற்கள் எங்களிடம் இல்லை. அதனால்தான் கராஜ் வாசலில் கூச்சத்தோடு நிற்கிறோம். றொட் என்ட் என்ற ஒரு சொல்லைத் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு சிறு உடைமைதான்.

பிள்ளைகளுக்கு இத்துறையில் ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகிறது. தொழிற் பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் விசாரிக்கலாம். பெண்பிள்ளைகளும் சேரலாம்.

மேலே சொன்ன சகோதரி இப்போது ஒவ்வொரு மாத முதல் ஞாயிற்றுக்கிழமையும் மகளோடு வானின் உறைகளைப் பார்க்கிறார். அண்மையில் அயலில் இன்னொரு பெண்ணின் ஓட்டோ ஹான்டில் ஆடுவதைக் கண்டு, ஓடவிடாமல் நிறுத்திக் கராஜுக்கு அனுப்பியிருக்கிறார். உங்களிடமும் வாகனம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். கேட்ட சத்தத்தை எழுதி வையுங்கள்.

அடுத்த மாதம், காப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் வாசிக்க வேண்டிய பகுதிகள் பற்றிப் பார்ப்போம்.